எரர் அக்காவின் இடமாற்றம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. அலுவலகத்தில் வாசல் காவலாளியில் தொடங்கி மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் எரர் அக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டுமே வருவது நின்றுபோயிற்று. யாராவது உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய கம்பெனி விற்றது ஒரு லைப்ரரி. புத்தகம் இரவல் கொடுக்கிற லைப்ரரி அல்ல. மற்றவர்கள் எழுதும் நிரல்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஒரு நிரல் தொகுப்பு. பெரிய நிறுவனங்களின் சர்வர் அறைகளில் ஒரே இயந்திரத்துக்குள் இருபது முப்பது விர்ச்சுவல் மெஷின்கள் குடித்தனம் நடத்தும். ஒவ்வொன்றும் தன்னை ஒரு தனிக் கம்ப்யூட்டர் என்று எண்ணிக்கொண்டிருக்கும். அவற்றைக் கிளப்பு, நிறுத்து, அந்த சர்வரிலிருந்து இந்த சர்வருக்கு மாற்று என்று வரும் கட்டளைகளை வாங்கி நடத்திக் கொடுப்பது இந்த லைப்ரரியின் வேலை. சொன்னது நடந்துவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவுக்கு வராது. நடக்காதபோது, ஏன் நடக்கவில்லை என்று ஒரு வரி சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வரிதான் எரர் அக்காவின் சோறு. "ஊரெல்லாம் பிழைப்புக்கு அலையுது, நீ பிழையையே பிழைப்பாக்கிட்டே" என்று அவளுடைய கணவர் சொல்வார். கல்யாணமான புதிதில் சொல்ல ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை.

அவள் சேர்ந்த புதிதில் அந்த வேலையை யாரும் சீந்தவில்லை. ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே இடம் மாற்றும் பகுதியில் சேரத்தான் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டார்கள். அதில்தான் பெயர் கிடைக்கும். எரர் பகுதியை, கடைசியாக வந்தவள் என்பதால் அவள் தலையில் கட்டினார்கள். கட்டியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: அவள் அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். அதுவரை ஒவ்வொரு குழுவும் தனக்குத் தோன்றிய வார்த்தையில் பிழையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் "சரியில்லை" என்று இருக்கும். இன்னோரிடத்தில் "இது நடக்கவே கூடாது" என்று யாரோ கையை விரித்திருப்பான். அத்தனையையும் அவள் திரட்டி ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தாள். என்ன ஆயிற்று, எங்கே ஆயிற்று, எதனால் ஆயிற்று என்று ஒவ்வொரு பிழைக்கும் ஒரு ஒழுங்கு கொடுத்தாள். படித்தவுடன் ஒரு மனிதன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் பிழைச் செய்தி என்பது அவளுடைய கொள்கை.

அந்த ஒழுங்குதான் அவளுக்கு வினையாக முடிந்தது. எந்தக் குழுவின் நிரல் தடுக்கி விழுந்தாலும் வாடிக்கையாளரின் திரையில் தெரிவது அவளுடைய கோப்பிலிருந்து வந்த வரி. அதனால் புகார் நேராக அவள் மேஜைக்கு வந்தது. இது எங்கள் தப்பில்லை, டிஸ்க் குழுவைக் கேளுங்கள் என்று சொல்வதற்காகவாவது முழுதையும் அவள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வருஷங்கள் ஓட ஓட, அந்த லைப்ரரியின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

அவள் கணவர் காது கேட்கும் கருவி பொருத்துபவர். கடலோர ஊர் ஒன்றில் புதிதாகத் திறந்த மருத்துவமனை அவரைக் கூப்பிட்டு ஒரு பிரிவையே கையில் கொடுத்தது. பன்னிரண்டு வயது மகளுக்கும் அங்கே நல்ல பள்ளி கிடைத்தது. எரர் அக்காவின் கம்பெனியில் வெளியூரில் இருந்தபடியே வேலை செய்ய அனுமதி உண்டு. அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போயிருந்தார்கள். அவளும் கேட்டாள். அவளுடைய மேனேஜர் எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் வாசனையுமாக முகூர்த்தத்துக்குக் கிளம்பியவர் மாதிரி வருவார் என்பதால் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்:

"தாராளமா போங்கக்கா. இந்த ரிலீஸ் மட்டும் முடியட்டும்."

அதை நம்பி வீட்டையே மூட்டை கட்டினார்கள். பள்ளி திறக்கும் நாள் வந்ததும் அப்பாவும் மகளும் முன்னால் போனார்கள். அவள் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. லைப்ரரியின் புதுப் பதிப்பை வெளியிடும் அந்த ரிலீஸ் முடிந்தது. அடுத்த ரிலீஸ் வந்தது. அதுவும் முடிந்தது. அட்டைப்பெட்டிகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. வெளியே எடுத்து வைத்திருந்த ஒரு பாத்திரத்தில் சோறு வடித்து, அதையே கழுவி அதிலேயே குழம்பு வைத்தாள். மழைக்காலம் வந்தபோது குடை எந்தப் பெட்டியில் என்று தெரியாமல், ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடுவதற்கும் மனமில்லாமல், புதிதாக ஒன்று வாங்கினாள். பிரித்தால் இங்கேயே தங்கிவிடுவோம் என்று ஒரு பயம். பக்கத்து வீட்டு அம்மாள் பார்க்கும்போதெல்லாம் "வந்து ரொம்ப நாளாச்சா, இல்ல போகப்போறீங்களா?" என்று கேட்பாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு தலையாட்டல்தான் பதில்.

அவள் இடத்துக்கு ஆள் பழக்காமல் இல்லை. முதலில் வந்த பெண் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அடுத்து வந்தவர் முதுகுவலி என்றார். இடம் மாற்றும் பகுதிக்குப் போனதும் முதுகு நேராகிவிட்டது. மூன்றாமவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. நாற்காலியில் அவர் சட்டை மட்டும் கொஞ்ச நாள் தொங்கியது.

மகள் தொலைபேசியில் முதலில் எல்லாம் சொன்னாள். யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், எந்த வாத்தியாருக்கு என்ன பட்டப்பெயர் என்று மூச்சு விடாமல் சொல்வாள். பிறகு கேட்டதற்கு மட்டும் சொன்னாள். பிறகு கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" தான். மாவட்ட நீச்சல் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள் என்ற செய்தியை அப்பாதான் சொன்னார்.

போட்டிக்கு முந்தைய நாள் எரர் அக்கா அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பையும் கையுமாக அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து படியிறங்கும்போது மாப்பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

"அக்கா, தண்ணி சப்ளை ஸ்டேஷன்லேர்ந்து கால். பம்புகளை ஓட்டற மெஷின் விழுந்துடுச்சாம். கிளம்ப மாட்டேங்குதாம். அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடுங்க."

அவள் பையைத் தோளில் மாட்டியபடியே போனை வாங்கினாள். மறுமுனையில் அந்த நிலையத்தின் ஆபரேட்டர்; வயதான குரல், பதற்றத்தை மரியாதையால் மூடி வைத்திருந்த குரல்.

"மேடம், ஸ்டார்ட் கொடுத்தா 'மெஷின் இயங்கவில்லை'ன்னு பதில் சொல்லுது. அது இயங்கலேன்னுதானே மேடம் நான் ஸ்டார்டே கொடுக்கறேன்?"

அது அவளுடைய கோப்பிலிருந்த வரிதான். ஆனால் அந்த இடத்தில் வரவே கூடாத வரி. "லாக்ல கடைசி பத்து வரிய அப்படியே படிங்க சார்" என்றாள். மெஷின் தானே குறித்து வைக்கும் அந்தப் பதிவை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க, அவள் பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்தாள்.

நடந்தது இதுதான். பம்புகளை இயக்கும் விர்ச்சுவல் மெஷின் ஒரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த சர்வருக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் செத்துவிட்டது போலத் தெரிந்தது. உள்ளே அது உயிரோடு, தகவல்களை எழுதி வைக்கும் தன் டிஸ்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஆபரேட்டர் அதே மெஷினை வேறு சர்வரில் கிளப்பப் பார்த்தார். டிஸ்க் வேறொருவர் கையில் இருக்கிறது என்பதால் கிளம்பவில்லை. லைப்ரரி அந்த உண்மையான காரணத்தைக் குறித்தும் வைத்தது. ஆனால் அரைகுறையாகக் கிளம்பியதைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை ஒன்று உண்டே, அது வந்து "நிறுத்து" என்றது. ஓடாத மெஷினை எப்படி நிறுத்துவது? "இயங்கவில்லை" என்று பதில் வந்தது. லைப்ரரியில் கடைசிப் பிழைக்கு ஒரே ஒரு இடம்தான். பின்னால் வந்த வெட்டிப் பிழை முன்னால் இருந்த நிஜப் பிழையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆபரேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது பின்னது.

"மேடம், ஃபோர்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு. எதையும் பாக்காம கிளப்பிடுமாம். மேலேர்ந்து அழுத்தச் சொல்றாங்க. அழுத்திடவா?"

"வேண்டாம் சார். கையை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"மௌஸையே விட்டு எடுங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. அவள் நிதானமாக விளக்கினாள். பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போது இன்னொன்றைக் கிளப்பினால் இரண்டும் ஒரே டிஸ்கில் எழுதும். எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எந்தக் குழாயை எப்போது திறக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கூழாகிவிடும். அப்புறம் அதை யாராலும் பிரிக்க முடியாது. யாராவது சர்வர் அறைக்குள் போய் அந்தப் பழைய இயந்திரத்தைக் கையால் அணைக்க வேண்டும்.

"அந்த ரூம் சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கு மேடம். சாப்பிடப் போயிருக்கார். போனை எடுக்கலை. ஆள் அனுப்பியிருக்கு."

"நீங்க போக முடியாதா?"

"சீட்டை விட்டு எழுந்துக்கக் கூடாதுன்னு ரூல். அடுத்த ஷிப்டுக்கு என்னை மாத்திவிட வர்றவர் வாசல்லேர்ந்து எட்டிப் பாத்தார். நிலைமையைப் பாத்துட்டு டீ குடிக்கப் போயிட்டார்."

அவளும் எழ முடியாது. போனை வைத்தால் யாராவது வந்து அந்தப் பட்டனை அழுத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அவரவர் நாற்காலியில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சத்தம் போடுவது கேட்டது. ஊரில் பாதிக்குக் குழாயில் காற்றுதான் வருகிறதாம்.

"மேடம், நீங்க எங்கயோ கிளம்பிட்டு இருந்தீங்கன்னு சொன்னாங்க."

"ஊருக்கு. பொண்ணுக்கு நாளைக்கு நீச்சல் போட்டி."

"பஸ் எப்போ?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "போயிருக்கும் சார்."

அவர் அங்கே சத்தம் போட்ட யாரையோ பொறுக்கச் சொன்னார். பிறகு, "எவ்ளோ தண்ணி பாருங்க, நீந்தறதுக்கு. இங்க குடிக்கவே இல்லை" என்றார். ஆறுதல் சொல்லப் போய் வாய் தவறிவிட்டது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். இருமிச் சமாளித்தார். அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

சாவிக்காரர் வந்து, அறை திறந்து, பழையதை அணைத்து, மெஷின் ஒழுங்காகக் கிளம்பிப் பம்புகள் ஓடத் தொடங்கியபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது. அதற்குமேல் அந்த ஊருக்குப் போகிற வண்டி ஏதும் விடிகாலையிலேயே நடக்கும் போட்டி முடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்காது. மாப்பிள்ளை அவள் மேஜைமேல் ஒரு டம்ளர் ஜூஸ் கொண்டுவந்து வைத்தார். "ஊருக்கே தண்ணி கொடுத்துட்டீங்கக்கா" என்றார். அவள் அதைத் தொடவில்லை.

மகளிடம் போனில் சொன்னாள். "பரவாயில்லம்மா" என்றாள் மகள். அழுதிருந்தால், கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவள் அந்தப் பிழையைச் சரிசெய்தாள். சிறிய வேலைதான். சுத்தம் செய்யும் வேலை தொடங்குமுன் முதல் பிழையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள். முடிந்ததும் அதைத் திரும்ப அதன் இடத்தில் வை. சோதனைகள் எல்லாம் தேறின. ரிலீஸ் போயிற்று. இனி எந்த ஆபரேட்டரும் இப்படி முழிக்க வேண்டியதில்லை என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பயணச்சீட்டு விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. காலையில் கிளம்ப வேண்டிய மெஷின்களில் பாதி கிளம்பவேயில்லை. கவுன்டர்களில் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், அவர்களுடைய நிரலில் எவனோ என்றோ எழுதி வைத்திருக்கிறான்: ஸ்டார்ட் கொடுத்து "இயங்கவில்லை" என்று வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயற்சி செய், வேறு எந்தப் பதில் வந்தாலும் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு. இத்தனை காலம் தப்பான பதில் வந்ததால் அது மறுபடி மறுபடி முயன்று, எப்படியோ கிளப்பிக்கொண்டிருந்தது. இப்போது சரியான பதில் வந்ததும் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டது. அந்த நேரத்தில் ஆள் இல்லை. விசாரித்ததில், இப்படி எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லை என்றும் தெரிந்தது.

மீட்டிங் கூடியது. மாப்பிள்ளை சட்டையில் அன்று ஒரு கசங்கல் இருந்தது.

"பழையபடி வெச்சுடுங்கக்கா."

"பழையது பொய் சார்."

"இருக்கலாம். அவங்க அந்தப் பொய்மேல வீடு கட்டிக் குடிபோயிட்டாங்க. இப்ப போய் அஸ்திவாரத்தை உருவினா எப்படி?"

"தண்ணி ஸ்டேஷன்காரர் ஃபோர்ஸ் பட்டனை அழுத்தப் போனாரு சார். அந்தப் பொய்யாலதான்."

"அழுத்தலையே. நீங்க இருந்தீங்கல்ல."

அன்று பிற்பகல் அவள், தான் திருத்தியதைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டாள். பொய் வர வேண்டிய இடத்தில் பொய் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் எழுதினாள்.

சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. மற்ற நிரல்கள் லைப்ரரியிடம் கேட்பதற்குப் புதிதாக ஒரு அழைப்பைச் சேர்த்தாள்: பழைய முறையில் கேட்பவர்களுக்குப் பழைய பதில், "நிஜக் காரணம் என்ன" என்று புது முறையில் கேட்பவர்களுக்கு நிஜம். யாருக்கும் பாதிப்பில்லை. மாப்பிள்ளை கைதட்டினார். கைதட்டி முடித்துவிட்டு, இந்த இரட்டை வழி நிலைத்து நிற்கும்வரை அவள் இங்கே இருந்தாக வேண்டும் என்றார். உண்மைக்கும் பொய்க்கும் சேர்த்துக் காவல் இருக்க அவளை விட்டால் ஆள் ஏது? தன் கால் விலங்குக்குத் தானே இன்னொரு சுற்று போட்டுக்கொண்டாள் என்பது இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

நான்காவது ஆளாக வந்தவர் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அதனால் வாத்தியார். அவளைவிட மூத்தவர், அமைதியானவர். எதையும் ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு நாளும் பாதியிலேயே நிறுத்திவிட்டு, "இது போதும், மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிடுவார். ஒரு நாள் அவள் பொறுமையிழந்தாள்.

"சார், உங்களுக்கு இது புரியலையா, பிடிக்கலையா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புரியுது. அதான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"முழுசா கத்துக்கிட்டேன்னு வெச்சுக்குங்க, நீங்க போயிடுவீங்க. அப்புறம் நான்தான் எரர் அண்ணன். எனக்கு முன்னாடி வந்த மூணு பேரும் இதைத்தான் யோசிச்சிருப்பாங்க. வாய் விட்டுச் சொல்லலை."

அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளும் வந்தவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஆளைத் தேடிப் பயனில்லை. இந்த நாற்காலியே ஒரு பொறி. யார் உட்கார்ந்தாலும் மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பார்த்து இழைத்தது அவளுடைய கைகள்தான்.

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எல்லாக் குழுத் தலைவர்களையும் கூப்பிட்டு, ஒரே கோப்பாக இருந்ததை உடைக்கப்போவதாகச் சொன்னாள். டிஸ்க் குழுவின் பிழைகள் டிஸ்க் குழுவோடு, நெட்வொர்க்கின் பிழைகள் நெட்வொர்க்கோடு. செய்தியிலேயே எந்தக் குழு என்ற அடையாளம் இருக்கும். புகார் நேராக அவர்களிடம் போகும். வாத்தியார் பொதுவான சிறு பகுதியை மட்டும் பார்ப்பார். அதற்கு அவர் சம்மதித்துவிட்டார்.

அறையில் ஒரே முணுமுணுப்பு. இடம் மாற்றும் குழுவின் தலைவர் தேன் ஒழுகப் பேசினார். "அக்கா, நீங்க பாத்துக்கற மாதிரி எங்களால பாத்துக்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

"மோசமாவே பாத்துக்குங்க."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அவளுமே எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டார். வேலையை விட வேண்டுமானால் மூன்று மாத நோட்டீஸ், பொறுப்பு ஒப்படைப்பு, அது இது என்று ஆரம்பித்தார்.

"நான் வேலைய விடலை சார். ஊரைத்தான் விடறேன்" என்றாள். "டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க அனுமதி கொடுத்தா அங்கேர்ந்து வேலை செய்வேன். கொடுக்கலைன்னா அங்கேர்ந்து நோட்டீஸ் அனுப்புவேன்."

மாப்பிள்ளை நெடுநேரம் தன் சட்டைக் கையை நீவிக்கொண்டிருந்தார். கடைசியில் மாதத்தில் ஒரு வாரம் இங்கே வந்து உட்கார வேண்டும், அந்த இரட்டை வழியை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு சரி என்றார். அவள் இரண்டுக்கும் தலையாட்டினாள். பேரம் பேசத் தெம்பில்லை.

கோப்பை உடைத்து முடிக்கும்வரை அவள் அனுபவித்த வேதனை யாருக்கும் தெரியாது. முதல் வாரமே நெட்வொர்க் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது: "ஏதோ பிரச்சினை." அவ்வளவுதான். அவள் விரல்கள் அதைத் திருத்தத் துடித்தன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

கடலோர ஊரில் வீடு சிறியது. கடல் தெரியாது, ஈரக்காற்று மட்டும் வந்து இரும்புச் சாமான்களைத் துருப்பிடிக்க வைக்கும். மகள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அம்மாவின் பெட்டிகளை உள்ளே தூக்கி வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதையோடு நடந்துகொண்டாள். தட்டில் அம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

சில நாள் கழித்து மகளின் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். எரர் அக்காவை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

"ஆன்ட்டி, எப்ப வந்தீங்க? கப்பல்ல ஆறு மாசத்துக்கு ஒருதடவைதான் லீவு விடுவாங்களாமே?"

மகள் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்துபோயிற்று. அம்மா அதே நாட்டில், ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருந்துகொண்டு வரவில்லை என்று சொல்வதைவிட, கப்பலில் இருக்கிறாள் என்று சொல்வது அந்தக் குழந்தைக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எரர் அக்கா அடுப்பைத் தணித்தாள்.

"இந்தத் தடவை கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டாங்கம்மா" என்றாள். "உக்காரு, சாப்பிட்டுப் போ."

தோழி போன பிறகு மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "போட்டியில நான் நாலாவதா வந்தேன். மூணாவதுக்கு ஒரு கை தூரம்தான்" என்றாள். "கடைசி சுத்துல கேலரியைத் திரும்பிப் பாத்துட்டேன். அதான்."

எரர் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் உள்ளே வந்து, சிங்க்கில் கிடந்த தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். எரர் அக்கா பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள்.

அவள் விடுதலையாகிவிட்டாள் என்று சொல்லிவிட முடியாது. போன் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பழைய பொய்யை, அதை நம்பியிருக்கும் கடைசி வாடிக்கையாளர் இருக்கும்வரை லைப்ரரியிலிருந்து எடுக்க முடியாது. அவள் ஓய்வு பெற்ற பிறகும் அது இருக்கும். மாதத்தில் ஒரு வாரம் போய், பெண்கள் விடுதி ஒன்றில் ஜன்னல் இல்லாத அறையில் தங்குகிறாள். கட்டிலிலிருந்து இறங்கினால் கதவில் முட்டிக்கொள்ளும் அளவு அறை. அந்த ஏழு நாளும் அவளுக்கு மூச்சு முட்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் "ரெண்டு வாரமா ஆக்கிக்கலாமாக்கா?" என்று கேட்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும் முடியாது என்கிறாள்.

போன மாதம் அவளைப் பஸ் ஏற்றிவிட மகளும் அப்பாவோடு வந்தாள். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தபோது மகள் கேட்டாள்:

"அங்க போய் நிஜமா என்னதான் பண்ணுவே நீ?"

இதுவரை மகள் அதைக் கேட்டதே இல்லை. எரர் அக்கா பஸ் படிக்கட்டில் நின்றபடி சொல்ல ஆரம்பித்தாள். ஒரு இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் என்ற இடத்துக்கு வருவதற்குள் கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.

"மீதிய வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு மகள் அப்பாவைத் தேடிக் கூட்டத்துக்குள் போனாள்.

எரர் அக்கா தன் இருக்கையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். முன் இருக்கைக்காரர் சாய்ந்து படுத்துவிட்டதால் முழங்காலை மடக்கவும் இடமில்லை. மடிக்கணினியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, காலையில் வாத்தியார் அனுப்பியிருந்த கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள்.